கையால் செய்த வானம்



நம் பள்ளிக் குழுவில் போன வாரம் நடந்த சண்டையைப் பேசாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஃப்ளெக்ஸ் பேனர் தொழில் செய்யும் நம் பையன் ஒருவன், ஒரு பிறந்தநாள் பேனருக்காகக் கணினியில் தானே செய்த விண்வெளிக் காட்சியைப் போட்டிருந்தான். கறுப்பு வானம், ஊதா மேகம், வளையம் போட்ட ஒரு கிரகம், நடுவில் சிரிக்கும் குழந்தை. அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவன், "நாசா போடுற படமும் இப்படித்தான்டா, எல்லாமே போட்டோஷாப்" என்று ஒரு வரி எழுதினான். அவ்வளவுதான், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போர். இதற்கு நடுவில் ஒருத்தி, "என் மகளுக்குப் பள்ளிக் கண்காட்சிக்கு இப்படி ஒரு படம் செய்யணும், எப்படிச் செய்யறதுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டாள். அந்தக் கேள்வி கூச்சலில் காணாமலே போய்விட்டது.

இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பு என்றால் மணி அடித்ததும் எழுந்து ஓடுவீர்கள். இங்கே மணி இல்லை, பொறுமையாகப் படியுங்கள்.

வரலாற்று வாத்தியாருக்கு விண்வெளியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு கல்வெட்டைப் பார்த்தால் யார் வெட்டியது, எப்போது, யாருக்காக, எதை வைத்து என்று நான்கு கேள்வி கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா? படத்துக்கும் அதே நான்கு கேள்விகள்தான். அப்படிக் கேட்டுப் பார்த்தால் ஒன்று தெரியவரும். விண்வெளிப் படங்கள் அன்றும் கையால் செய்யப்பட்டவை, இன்றும் கையால் செய்யப்படுபவை. ஆனால் "செய்தது" வேறு, "பொய்" வேறு. அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றைய பாடம்.

150 ஆண்டுகளுக்கு முன்பிருந்து தொடங்குவோம்.

ஜேம்ஸ் நாஸ்மித் என்று ஒரு பொறியாளர். ஸ்காட்லாந்துக்காரர். நீராவியால் இயங்கும் பெரிய சுத்தியலைச் செய்து பேரும் பணமும் சம்பாதித்தவர். தொழிலை விட்டு ஓய்வு பெற்றதும் தொலைநோக்கியும் நிலாவுமாக உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்துக் கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்தினால் நிலா முழுதாக விழும், ஆனால் ஒரு மலை, ஒரு பள்ளம் என்று நெருங்கிப் பார்க்கும் அளவுக்கு விவரம் கிடைக்காது. நாஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? இரவுகளில் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு சுண்ணச் சாந்தில் நிலாவின் பரப்பைப் பொம்மையாகச் செய்தார். அதை வெயிலில் வைத்து, சூரியன் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி நிறுத்தி, புகைப்படம் எடுத்தார். ஜேம்ஸ் கார்ப்பென்டர் என்ற வானியலாளரோடு சேர்ந்து 1874இல் அவற்றைப் புத்தகமாகப் போட்டார். நிலாவின் மலைகள் எப்படி உண்டாகியிருக்கலாம் என்று விளக்க, சுருங்கிய ஆப்பிள் பழத்தின் படத்தையும் வயதான ஒருவரின் சுருக்கம் விழுந்த கையின் படத்தையும் அதே புத்தகத்தில் பக்கத்தில் வைத்தார். பாடம் நடத்தத் தெரிந்த மனிதர்!

அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் ஒரு கணம் நிலாவில் இறங்கி எடுத்ததாகவே தோன்றும். ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இவை மாதிரி உருவங்களின் புகைப்படங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அவர் படங்களில் மலைகள் ஊசி ஊசியாக நிற்கும். காரணம், அவர் பார்த்தது நிழலை. மாலை நேரத்தில் நம் நிழல் பனைமர உயரத்துக்கு நீளுகிறதே, அதுபோல நிலாவில் சூரியன் சாய்ந்திருக்கும்போது சின்ன மேடும் நெடுந்தூரம் நிழல் போடும். நிழலின் கூர்மையைப் பார்த்து மலையும் கூர்மை என்று நினைத்தார்கள். பின்னால் வந்த ஓவியர்கள் பலரும் அப்படியே வரைந்தார்கள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி வரைந்தார். பிரான்சைச் சேர்ந்த லூசியன் ரூடோ. ஓவியரும் அவரே, வானியலாளரும் அவரே. நிலாவின் நடுப்பகுதியில் விழும் நிழலை மட்டும் பார்க்காமல், நிலா வட்டத்தின் விளிம்பைத் தொலைநோக்கியில் உற்றுப் பார்த்தார். விளிம்பில் மலைகள் பக்கவாட்டுத் தோற்றத்தில் தெரியும் அல்லவா? அங்கே ஊசி முனைகள் இல்லை. மழுங்கிய, உருண்டையான மேடுகள்தான் இருந்தன. கண்ணில் பட்டதை வரைந்தார். 1969 முதல் அப்போலோ வீரர்கள் நிலாவில் இறங்கி எடுத்த படங்களில் மலைகள் ரூடோ வரைந்தபடி உருண்டையாகத்தான் இருந்தன. தேர்வில் பக்கத்து இலையைப் பார்த்து எழுதாதவனுக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

அடுத்து அமெரிக்காவுக்குப் போவோம். செஸ்லி போன்ஸ்டெல், 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 17 வயதில் லிக் வானாய்வகத்தின் தொலைநோக்கி வழியாகச் சனிக் கிரகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அதை ஓவியமாகத் தீட்டினார். 1906இல் வந்த பெரும் நிலநடுக்கத்தையொட்டிப் பிடித்த தீயில் அந்த ஓவியம் அழிந்துபோனது. பிறகு கட்டடக் கலைப் பணிக்குப் போனார், ஹாலிவுட்டில் திரைப்படங்களுக்குப் பின்னணி ஓவியம் தீட்டினார். அந்த இரண்டு வேலைகளும் அவருக்குக் கோணம், அளவு, வெளிச்சம் மூன்றையும் கற்றுக் கொடுத்தன. 1944இல் 'லைஃப்' இதழில் அவருடைய சனிக் கிரக ஓவியங்கள் வெளியாயின. சனியின் துணைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் போய் நின்றால் சனி எப்படித் தெரியும் என்பதுதான் கற்பனை. ஆனால் சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும், வளையம் எந்தக் கோணத்தில் சாயும், நிழல் எங்கே விழும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு வரைந்தார். இன்றைக்கும் விண்வெளிக் காட்சி வரைபவர்களுக்கு அவர்தான் குலகுரு.

டைட்டன் என்ற துணைக்கோளிலிருந்து பார்ப்பதாக அவர் வரைந்த ஓவியம் மிகவும் புகழ்பெற்றது. நீல வானம், பனி மூடிய பாறைகள், நடுவில் பிறைபோலச் சனி. 2005 ஜனவரியில் ஐரோப்பாவின் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கிப் படம் அனுப்பியது. அங்கே வானம் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். தரையில் நின்று பார்த்தால் சனி கண்ணுக்கே தெரியாது. அதனால் போன்ஸ்டெல் பொய்யர் ஆகிவிட்டாரா? இல்லை. ஓவியம் என்று சொல்லி, அன்றைக்குத் தெரிந்ததை வைத்து வரைந்தார். தெரிந்தது மாறியது, படம் அந்தக் காலத்தின் ஆவணமாக நிற்கிறது.

இப்போது நான் மிகவும் ரசிக்கும் கதைக்கு வருகிறேன். இதை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

1965 ஜூலையில் மாரினர் 4 என்ற கலம் செவ்வாயைக் கடந்து போனது. அதன் கேமரா எடுத்த ஒவ்வொரு படமும் 200க்கு 200, அதாவது 40,000 புள்ளிகள். உங்கள் கையில் இருக்கும் மலிவான செல்போனே கோடிக்கணக்கான புள்ளிகளில் படம் எடுக்கும். அன்று ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண், அந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு. அந்த எண்கள் வானொலி அலையில் பூமிக்கு வந்து சேர ஒரு படத்துக்குச் சுமார் 8 மணி நேரம் ஆனது. கலிபோர்னியாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்களுக்கு ஒரு கவலை. கலத்தில் உள்ள நாடாப் பதிவுக் கருவி சரியாக வேலை செய்கிறதா, வரும் எண்களில் உண்மையிலேயே படம் இருக்கிறதா? கணினி அதைப் படமாக மாற்றித் தரும்வரை அவர்களால் காத்திருக்க முடியவில்லை.

ரிச்சர்ட் கிரம் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் அந்த எண்களை நீள நீளக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டார்கள். பட்டைகளை வரிசையாகச் சுவரில் பொருத்தினார்கள். ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் போய் வண்ணக் கட்டிகள் வாங்கி வந்தார்கள். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த நிறம் என்று முடிவு செய்து, எண்களின் மேல் கையால் நிறம் தீட்டினார்கள். குழந்தைகள் எண் பார்த்து வண்ணம் தீட்டும் புத்தகம் இருக்கிறதே, அதே முறை. பட்டை பட்டையாகச் செவ்வாயின் விளிம்பு சுவரில் எழுந்து வந்தது. வேறொரு கிரகத்துக்கு அருகே போன கலம் அனுப்பிய எண்களிலிருந்து, பூமியில் மனிதர்கள் கையால் தீட்டிய படம்! பிறகு அந்தச் சுவர்ப் பகுதியை வெட்டிச் சட்டம் போட்டு, ஆய்வக இயக்குநர் வில்லியம் பிக்கரிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

"எல்லாமே போட்டோஷாப்" என்று சொன்ன தம்பி, இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நிறம் கை போட்டது. எண் செவ்வாயிலிருந்து வந்தது. அந்தப் படத்தில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதைத் தீட்டியவர்கள் மாற்றவில்லை. எந்த வண்ணக் கட்டி என்பதை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். இன்று கணினியில் நடப்பதும் இதேதான், வேகமாக நடக்கிறது.

அந்த மென்பொருளின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட தன் மேக் கணினியில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். அவருடைய தம்பி ஜான் நோல் எங்கே வேலை செய்தார் தெரியுமா? 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்வெளிக் காட்சிகளுக்காகவே 1975இல் தொடங்கப்பட்ட இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில். கப்பல் பொம்மைகளை நீலத் திரைக்கு முன் நிறுத்திப் படம் எடுத்து, நட்சத்திர வானத்தைத் தனியாக எடுத்து, இரண்டையும் ஒட்டுவது அங்கே அன்றாட வேலை. அண்ணனின் நிரலால் என்ன செய்ய முடியும் என்பது தம்பிக்குப் புரிந்தது. இருவரும் சேர்ந்து வளர்த்ததுதான் போட்டோஷாப். அடோபி நிறுவனம் அதை 1990 பிப்ரவரியில் வெளியிட்டது.

அதே 1990இல், ஏப்ரல் மாதம், ஹபிள் தொலைநோக்கி விண்வெளிக்குப் போனது. அதன் கண்ணாடியில் இருந்த குறையை 1993 டிசம்பரில் வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். 1995 ஏப்ரலில் ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன் என்ற இரு வானியலாளர்கள் அதை வைத்துக் கழுகு நெபுலாவைப் படம் எடுத்தார்கள். 'படைப்பின் தூண்கள்' என்று உலகம் முழுதும் சுவரொட்டியாகத் தொங்கியதே, அந்தப் படம்தான். யானைத் துதிக்கை மாதிரி மூன்று தூண்கள், பச்சையும் மஞ்சளும் கலந்த பின்னணி.

அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? ஹபிளின் கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். முன்னால் ஒரு வடிகட்டியைப் போட்டு, குறிப்பிட்ட ஒரு வாயுவிலிருந்து வரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவார்கள். கந்தகம் ஒரு தடவை, ஹைட்ரஜன் ஒரு தடவை, ஆக்சிஜன் ஒரு தடவை. பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்து மூன்றையும் அடுக்குவார்கள். கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் ஒளியும் உண்மையில் சிவப்புதான். இரண்டையும் சிவப்பாகவே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நிலப்படத்தில் காட்டுக்குப் பச்சை, மலைக்குப் பழுப்பு என்று தீட்டிக் காட்டினேனே, அதனால் மலையைப் பற்றிப் பொய் சொன்னதாக ஆகுமா? படிப்பதற்காகப் போட்ட நிறம் அது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னும் ஒரு படி மேலே. அது பெரும்பாலும் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் அதிலே நீளமான அலைக்குச் சிவப்பு, குட்டையான அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். ஜோசப் டிபாஸ்குவால், அலிசா பேகன் போன்றவர்கள் இந்த வேலையைச் செய்பவர்கள். போட்டோஷாப்பும் அவர்கள் கருவிகளில் ஒன்று. அதை ஒளிப்பதே இல்லை.

பூமியின் படத்துக்கும் இதே கதைதான். 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 வீரர்கள் எடுத்த 'நீலக் கோலி' ஒரே சொடுக்கில் எடுத்த புகைப்படம். 2002இல் அதே பெயரில் வந்த இன்னொரு பூமிப் படம், முதல் ஐபோனின் திரையில் இருந்தது, அது ஒட்டுவேலை. டெர்ரா என்ற செயற்கைக்கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தால் முழு உருண்டை எப்படித் தெரியும்? கோபுரத்தின் அடியில் நின்றுகொண்டு கோபுரத்தை முழுதாகப் படம் எடுக்கிற மாதிரிதான். பட்டை பட்டையாக எடுத்தார்கள், பல நாட்கள் எடுத்தார்கள், மேகம் இல்லாத பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத் தைத்தார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவரான ராபர்ட் சிம்மன், ஆமாம், அது போட்டோஷாப்பில் செய்ததுதான், வேறு வழியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். முழுப் பூமியை நிஜமாகப் பார்க்க வேண்டுமானால் தொலைவு வேண்டும். 2015 முதல் டிஸ்கவர் என்ற கலம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

சரி, இவ்வளவு பேரும் உண்மையைச் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றால் தப்பு எங்கே நடக்கிறது? படத்துக்கும் அதன் கீழே எழுதியிருந்த வரிக்கும் விவாகரத்து ஆகும்போது.

இரண்டு எடுத்துக்காட்டு. முதலாவது, நெப்டியூன். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 கடந்து போனபோது எடுத்த படங்களில் மேகங்களும் பட்டைகளும் நன்றாகத் தெரியட்டும் என்று நிறத்தை அழுத்திக் காட்டினார்கள். அப்போது வந்த படக் குறிப்புகளில் அதைச் சொல்லியும் இருந்தார்கள். படம் ஊர் ஊராகப் போனது, குறிப்பு கூடவே போகவில்லை. புத்தகம், சுவர்ப்படம், பொம்மை என்று எல்லாவற்றிலும் நெப்டியூன் ஆழ்ந்த கருநீலமாக உட்கார்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பேட்ரிக் இர்வின் குழுவினர் அளவீடுகளை மீண்டும் சரிபார்த்து வெளியிட்டார்கள். நெப்டியூன் கிட்டத்தட்ட யுரேனஸ் மாதிரியே வெளிறிய பசுநீலம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வரி உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் விலை 35 ஆண்டு.

இரண்டாவது, நம் வீட்டு வாசலுக்கே வருவது. ஒவ்வொரு தீபாவளிக்கும் "விண்வெளியிலிருந்து தீபாவளி இரவு இந்தியா, நாசா எடுத்த படம்" என்று ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றும். நாடு முழுக்க வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு எனப் பல நிறத்தில் விளக்குகள் ஜொலிக்கும். அது தீபாவளியே இல்லை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி, வானிலைச் செயற்கைக்கோள்களின் பல ஆண்டுத் தரவுகளை அடுக்கிச் செய்தது. 1992க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை, 1992இல் தெரிய வந்தவை நீலம், 1998இல் பச்சை, 2003இல் சிவப்பு. நம் ஊர்கள் எப்படி வளர்ந்தன என்பதன் வரலாறு அது! 2012இல் நாசா உண்மையான ஒரு தீபாவளி மாதத்து இரவுப் படத்தை வெளியிட்டு, பண்டிகையால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குக் குறைவு என்று விளக்கமும் கொடுத்தது. படம் என்ன கெட்டது செய்தது? ஒன்றும் இல்லை. கீழே இருந்த குறிப்பை எடுத்துவிட்டு வேறொரு வரியை ஒட்டினார்கள். ஊர் வளர்ச்சியைக் காட்டிய அருமையான ஆவணம் வெறும் வாணவேடிக்கை ஆகிவிட்டது.

இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. ஒருமுறை ஏமாந்தவன் அடுத்த முறை எதையும் நம்பமாட்டான். சந்திரயான்-3 இறங்கியபோது நிலாவிலிருந்து வந்த நிஜப் படத்தைப் பார்த்தும் "இதுவும் கிராபிக்ஸ்தானே" என்று கேட்டவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்ததை ஒரு வார்த்தையில் தள்ளிவிடும் அலட்சியம் அப்படித்தான் பிறக்கிறது. நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

இப்போது கண்காட்சிக்குப் படம் செய்ய வேண்டிய குழந்தைக்கு வருவோம். போட்டோஷாப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; ஜிம்ப் என்ற மென்பொருள் இலவசம், அதிலும் இதெல்லாம் முடியும். ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் மேலே சொன்ன பெரியவர்களில் யாராவது ஒருவர் நிற்கிறார்.

முதலில் நட்சத்திரம். கறுப்பு நிறத்தில் ஒரு லேயர் போட்டு, அதில் நாய்ஸ் ஃபில்டர் கொடுத்து, லேசாக பிளர் செய்து, லெவல்ஸில் போய்ப் பெரும்பாலான புள்ளிகள் மறையும் வரை இழுக்கவும். மங்கலானவை நிறைய, பிரகாசமானவை சில என்று இருந்தால்தான் வானம் வானமாக இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் எள் தூவிய மாதிரி ஆகிவிடும். பெரிய நட்சத்திரங்களைத் தனி லேயரில் வையுங்கள். சிலவற்றுக்கு மிக லேசான நீலம், சிலவற்றுக்கு ஆரஞ்சு. பச்சை நட்சத்திரம் வேண்டாம், நம் கண்ணுக்கு அப்படி ஒன்று தெரிவதில்லை.

நட்சத்திரத்துக்குக் கதிர் போட ஆசைப்பட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, ஒரே சாய்வில் போடுங்கள். அந்தக் கதிர்கள் நட்சத்திரத்தில் இருப்பவை இல்லை, தொலைநோக்கியின் அமைப்பால் வருபவை. ஹபிள் படத்தில் நான்கு. ஜேம்ஸ் வெப் படத்தில் ஆறு பெரியவை, கூடவே இரண்டு சின்னவை. இது தெரிந்தால் ஒரு படத்தைப் பார்த்தவுடனே எந்தத் தொலைநோக்கி எடுத்தது என்று சொல்லி வகுப்பில் பேர் வாங்கலாம்.

அடுத்து கிரகம். வட்டம் வரைந்து, அதன்மேல் பாறை அல்லது மேகப் படம் ஒன்றை ஒட்டி, ஸ்ஃபியரைஸ் கொடுத்தால் உருண்டை ஆகிவிடும். உயிர் வருவது நிழலில்தான். நாஸ்மித் வெயிலில் பொம்மையை நிறுத்தினார் அல்லவா, அதுபோல ஒரே சூரியன், ஒரே திசை. கிரகத்துக்கு இடப்பக்கம் வெளிச்சம் என்றால் பக்கத்தில் இருக்கும் நிலாவுக்கும், விண்கலத்துக்கும், மிதக்கும் மனிதருக்கும் இடப்பக்கமே வெளிச்சம். பேனர்களில் அதிகம் சறுக்குகிற இடம் இது. காற்று உள்ள கிரகம் என்றால் வெளிச்சப் பக்கத்து விளிம்பில் மெல்லிய ஒளிக் கோடு வரலாம். நிலா மாதிரி காற்றில்லாத உலகத்துக்கு விளிம்பு கத்தி வெட்டியதுபோல இருக்கட்டும். மலைகளை ரூடோ மாதிரி மழுக்கிவிடுங்கள்.

பிறைபோல ஒரு கிரகத்தை வரைந்தால், அதன் இருட்டுப் பகுதிக்குள் நட்சத்திரம் வைக்காதீர்கள். இருட்டாக இருந்தாலும் அங்கே கிரகம் இருக்கிறது, பின்னால் உள்ள நட்சத்திரத்தை அது மறைக்கும். அதேபோல வெயிலில் நிற்கும் விண்வெளி வீரரை வரைந்தால் பின்னால் வானத்தைக் கறுப்பாகவே விடலாம். பளீரென்ற பொருளுக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரங்கள் பதியாது. அப்போலோ படங்களில் நட்சத்திரம் இல்லாததற்கு அதுதான் காரணம். அதை வைத்துக் கதை கட்டியவர்கள் கல்யாண மண்டபத்து விளக்கொளியில் நின்று வானத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம்.

பிறகு நெபுலா. புதிய லேயரில் கிளவுட்ஸ் ஃபில்டர் கொடுத்து, நிறம் ஏற்றி, லேயரின் மோடை ஸ்கிரீன் என்று மாற்றினால் கறுப்பு மறைந்து மேகம் மட்டும் ஒளிரும். இரண்டு மூன்று லேயர் போதும். பெரிய மென்மையான பிரஷ் வைத்து அங்கங்கே அழித்துவிட வேண்டும், வானம் முழுக்க மேகம் நிரப்பினால் மூச்சு முட்டும். நிறத்தைக் குழந்தையே முடிவு செய்யட்டும். ஆனால் ஏன் அந்த நிறம் என்று ஒரு காரணம் இருக்கட்டும். சிவப்பு ஹைட்ரஜன், நீலம் ஆக்சிஜன் என்று அது சொல்லட்டும்.

இன்னும் ஆசையிருந்தால் நிஜத் தரவிலேயே செய்யலாம். 2016 ஜூலையில் வியாழனைச் சென்றடைந்த ஜூனோ கலத்தின் கேமரா எடுத்த மூலப் படங்களை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதைச் சரிசெய்து நிறமேற்றும் வேலையைப் பொதுமக்களே செய்யட்டும் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே ஏற்பாடு. நீங்கள் பார்த்து வியக்கும் வியாழன் படங்களில் பல, வேறு வேலை பார்த்துக்கொண்டு வீட்டுக் கணினியில் இதைச் செய்பவர்கள் செய்தவை. நம் ஊர்ப் பிள்ளை செய்தால் ஆகாதா?

கடைசி வேலை எல்லாவற்றையும்விடச் சின்னது. படத்துக்குக் கீழே ஒரு வரி. "கற்பனைக் காட்சி, ஜிம்ப் மென்பொருளில் நான் செய்தது" என்றோ, "ஜூனோ கலத்தின் படம், நிறம் என்னுடையது" என்றோ எழுதி, பெயரையும் தேதியையும் போட வேண்டும். முடிந்தால் அந்த வரியைப் படத்துக்குள்ளேயே, யாரும் எளிதில் வெட்டி எடுக்க முடியாத இடத்தில் எழுதுங்கள். பேனர் செய்யும் தம்பிக்கும் இதுவே என் விண்ணப்பம். உன் கைவண்ணம் என்று தெரிந்தால் உனக்குத்தானே பெருமை, ஏன் அதை நாசாவுக்குத் தாரை வார்க்க வேண்டும்?

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்து ஒரு விண்வெளிப் படம் உங்கள் கைபேசிக்கு வந்தால், அனுப்புவதற்கு முன் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். யார் செய்தது? எப்போது? எதற்காக? எதை வைத்து? பதில் கிடைத்தால் பதிலையும் சேர்த்து அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் படம் உங்களோடு நிற்கட்டும்.

பிள்ளைகள் செய்த படங்களைக் கீழே போடுங்கள். பார்த்து மதிப்பெண் போடுகிறேன். குறிப்பு இல்லாத படத்துக்குப் பழையபடி பாதி மதிப்பெண்தான், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்